கைவைத்தியம்

நோய்களுள் அஞ்சத்தக்கனவும் உள, அஞ்சத்தகாதனவும் உள. அஞ்சத்தகாததனைக் கண்டு அலறுவதும், அஞ்சத்தக்கதனைக் கண்டும் வாளாவிருப்பதும் ஆகிய இருவகைப் பிழையும் ஒரே நோயின்கண் ஒருங்கு நிகழ்வதைக் காணவேண்டுவோர், மூக்கிலிருந்து குருதி வடியும் ஒருவனைச் சுற்றி நிற்பாரை நோக்குவாராக. 'சில்லுமூக்கு உடைந்தது' என்று நாட்டார் வழங்கும் இந்நோய், பத்துப் பேரில் ஏறக்குறைய அறுவர்க்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வருவது என்று மருத்துவ நூலோர் மதிப்பிடுவர். அங்ஙனமிருந்தும், நம் விடுதிகளில் இது நேரும்போது செய்யத்தக்கது இன்னதென்று அறிந்தார் மிகச் சிலரே. நம் நாட்டு ஆயுர்வேதம் இதற்குக் கூறும் மருந்துகள் யாவை, அவற்றை எவ்விடத்துக் கொள்ளுதல் தகும், எவ்விடத்து அவற்றையே நம்பியிருத்தல் தகாது என்பன பற்றி எமக்குத் தோன்றிய சிலவற்றை ஈண்டுக் கூறத் துணிகின்றோம். யாம் மருத்துவம் பயில்வோர் அல்லோம், தமிழ் பயில்வோர். ஆயினும், எம் மூக்கே எமக்கு ஆசிரியனாயிற்றாகலின், இத்துணிபு பொறுக்கத்தக்கதென்று நம்புகின்றோம்.

எமக்குப் பன்னிரண்டு ஆண்டு நிரம்பிய வேனிற்காலத்தில் இது தொடங்கிற்று. பள்ளி விட்டு வெயிலில் நடந்து வருவோம். சட்டையின்மேல் செந்துளி விழும். அதன் பின்னரே மூக்கென்று உணர்வோம். எம் பாட்டியார் எம்மைத் திண்ணையில் மல்லாக்கப் படுக்கவைத்து, உச்சியில் தண்ணீர் வார்த்து, வேலியோரத்து அறுகம்புல்லைப் பறித்து இடித்துப் பிழிந்து, அச்சாற்றில் இரண்டு துளியை மூக்கில் விடுவார். 'உடம்புச் சூடு, வேறொன்றுமில்லை' என்பார். சிறிது நேரத்தில் குருதி நிற்கும். நின்றது அறுகினால் என்பதில் எமக்கு ஐயமே எழுந்ததில்லை. வாரம் இருமுறை வந்த காலத்தும் பாட்டியார் கலங்கியதில்லை. அக்கலங்காமையே எமக்குப் பாதி மருந்தாயிருந்தது என்று இப்பொழுது எண்ணுகின்றோம்.

இக்கலாசாலையில் சேர்ந்த முதலாண்டில், தேர்வுக்கு முன்னாள் நள்ளிரவில், விடுதியறையில் மூக்கு மீண்டும் உடைந்தது. அறுகும் இல்லை, பாட்டியாரும் இல்லை, நண்பர் எண்மர் இருந்தனர். ஒருவர் தலையைப் பின்னே சாய்க்கச் சொன்னார். மற்றொருவர் வெங்காயத்தை நறுக்கி முகரத் தந்தார். வேறொருவர், வலப்புறம் வடிந்தால் இடக்கையை உயர்த்தவேண்டும் என்று எம் கையைப் பற்றித் தூக்கினார். தண்ணீர் கொண்டுவர ஓடியவர் குடத்தைக் கவிழ்த்தார். யாம் தலையைப் பின்னே சாய்த்திருந்தமையால் குருதி தொண்டை வழியே வயிற்றுட் சென்றது. கால்மணி நேரத்தில் அதனை வாந்தியெடுத்தோம். கருஞ்செந்நிறமாய்த் தரையில் கிடந்ததனைக் கண்ட நண்பர், எம் உயிர் இன்னும் சிறிது நேரமே என்று துணிந்தனர். மருத்துவசாலைக்குத் தூக்கிச் செல்லப்பட்டோம். அங்கிருந்த செவிலி அம்மையார் எம்மை நிமிர்ந்து உட்காரவைத்து, தலையை முன்னே கவியச்செய்து, மூக்கின் மெல்லிய பகுதியை எம் இரு விரல்களாலேயே இறுகப் பிடிக்கச் சொல்லி, சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார். பத்து நிமிடம் கழிந்தது, விரலை எடுத்தோம், குருதி நின்றிருந்தது. மருந்தென்று ஒன்றும் தரப்படவில்லை. எண்மரும் யாமும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி வெட்கினோம்.

அன்று தொட்டே 'கைவைத்தியம்' என்னும் சொல் எம் உள்ளத்தில் புதுப்பொருள் தரலாயிற்று. வீட்டில் கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டு செய்துகொள்ளும் மருத்துவத்தை அப்பெயரால் வழங்குகின்றோம். இந்நோய்க்கோ கையே மருந்தாகின்றது. அதன் காரணம் எளிது. மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், மெல்லிய சவ்வின் அடியில், பல குருதிக்குழல்கள் ஒன்றுகூடி வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. இவ்விடத்தை அமெரிக்க அறுவை மருத்துவராகிய லிட்டில் என்பார் 1879-ம் ஆண்டிலும், ஜெர்மானியராகிய கீசல்பாக் என்பார் 1884-ம் ஆண்டிலும் எடுத்து விளக்கினர். பத்தில் ஒன்பது முறை குருதி வடிவது இங்கிருந்தே. வறண்ட காற்றால் சவ்வு வெடித்தல், சளிபிடித்தல், ஒவ்வாமையால் ஓயாது தும்முதல், நகத்தால் கிண்டுதல் ஆகிய சிறு காரணங்களே இவ்வலையைக் கிழிக்கப் போதியன. மூக்கின் மெல்லிய பகுதியை அழுத்தினால் கிழிந்த குழல் நேரே அமுக்கப்படுகின்றது. குருதி உறைந்து வாயை அடைக்கக் காலம் கிடைக்கின்றது. மேலேயுள்ள எலும்பைப் பிடிப்பார் பலர். அதனால் ஒரு பயனுமில்லை.

ஆதலின் செய்யத்தக்கன இவை: நிமிர்ந்து உட்காருக, தலையை முன்னே சாய்க்க, மூக்கின் மெல்லிய பகுதியை விரலால் இறுகப் பற்றுக, வாயால் மூச்சு விடுக, வாயில் வரும் குருதியை விழுங்காது உமிழ்க, பத்து முதல் பதினைந்து நிமிடம் வரை இடையில் எடுத்துப் பாராது பிடித்திருக்க. 'நின்றதா' என்று நிமிடத்திற்கொருமுறை விரலை எடுத்துப் பார்ப்பது, நட்ட விதையை நாடோறும் தோண்டிப் பார்ப்பதனை ஒக்கும். நின்றபின் ஒருநாள் முழுதும் மூக்கைச் சிந்துதலும், பளுத்தூக்குதலும், மிகு சூடாகப் பருகுதலும் விலக்கத்தக்கன.

இனி ஆயுர்வேதம் கூறுவதனை நோக்குவோம். மூக்கு முதலிய துளைகளின் வழியே குருதி ஒழுகுதலை அந்நூலோர் 'இரத்தபித்தம்' என்பர். சரக சங்கிதையில் நிதானத்தானத்து இரண்டாம் இயலும், சிகிச்சைத்தானத்து நான்காம் இயலும் இதற்கே உரியன. வெயிலும், மிக்க உறைப்பும் புளிப்பும் உப்பும், வெம்மை மிக்க உணவும் பித்தத்தைக் கிளர்த்திக் குருதியைக் கெடுத்து இந்நோயைத் தரும் என்பதும், மேல்நோக்கி ஒழுகுவது தீர்க்கத்தக்கது, கீழ்நோக்கி ஒழுகுவது தணித்து வைக்கத்தக்கது, இருவழியும் ஒழுகுவது தீராதது என்பதும் அந்நூலின் கொள்கைகள். மூக்கில் பிழியத்தக்கனவாக அறுகம்புல், மாதுளம்பூ, வெங்காயம், கொடிமுந்திரி, கரும்பு முதலியவற்றின் சாறுகள் கூறப்பட்டுள்ளன. உள்ளுக்குக் கொள்ளும் மருந்துகளுள் ஆடாதோடை தலைமை பெறும். சந்தனமும் வெட்டிவேரும் குளிர்ச்சிக்குக் கொள்ளப்படுவன. எம் பாட்டியாரின் அறுகு, இரண்டாயிரம் ஆண்டளவாக வழிவழி வந்ததொரு மரபின் ஒரு துளி என்று அறிந்தபோது யாம் பெருமிதம் உற்றோம். அதனை மறைக்கவேண்டுவதில்லை.

பெருமிதம் வேறு, ஆராய்ச்சி வேறு. எம் திண்ணையில் குருதி நின்றது அறுகினாலா, அன்றித் தானாகவேயா? பெரும்பாலான மூக்குக் குருதி சிறிது நேரத்தில் தானே நிற்கும் இயல்பினது. தானே நிற்கும் ஒன்றன்முன் எதனை வைத்தாலும் வைத்தது புகழ்பெறும். வெங்காயத்திற்கும் உயர்த்திய கைக்கும் உள்ள புகழ் இவ்வகையதே. அன்றியும், கழுவாத புல்லைக் கழுவாத கல்லில் இடித்துப் பிழிந்த சாற்றைப் புண்பட்ட சவ்வின்மேல் விடுதல், நோய்க்கிருமிகளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்தலாகும். கெட்ட குருதியை மூக்கிற் பிழியும் மருந்தால் அடைத்துவிடின் தீராச் சளியும் தலைநோயும் விளையும் என்று சரகரே எச்சரித்துள்ளமையை, சாறு பிழிவோர் அறியாது விடுகின்றனர்.

அற்றேல் நாட்டு மருந்துகள் யாவும் தள்ளத்தக்கனவோ எனின், அன்று. குருதி வடியும்போது கை, வடியாதபோது காப்பு. இக்காப்பின்கண்ணேதான் பழையோர் வழக்குப் பெரிதும் பயன்படுகின்றது. மூக்கின் உட்புறத்தை நாடோறும் எண்ணெயால் நனைத்து வைத்தல் ஆயுர்வேதத்தில் நாள் ஒழுக்கமாகவே விதிக்கப்பட்டது. 2001-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்வில், வறண்ட மூக்கிற்கு உப்புநீரினும் தூய நல்லெண்ணெய் மிக்க நலம் தந்ததாகக் காணப்பட்டது. ஆயினும் எண்ணெயைப் பெருகவிடின் அது நுரையீரலுட் சென்று அழற்சி தரும். ஆதலின் துளை விளிம்பில் விரலால் தடவும் அளவே சாலும். வெயிலைத் தவிர்த்தல், நீர் மிகப் பருகுதல், உறைப்பைக் குறைத்தல், நெல்லியும் மாதுளையும் உண்ணுதல், நகத்தைக் குறைத்தல் ஆகியவற்றால் வரும் கேடு ஒன்றுமில்லை; வரும் நலமோ பல. ஆடாதோடையை மட்டும் எளிதென எண்ணற்க. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் அதற்குண்டென்று கருதப்படுதலின், கருவுற்ற மகளிர் அதனை விலக்குதல் வேண்டும். ஏனையோரும் கற்ற வைத்தியர் சொற்படியே கொள்க.

இவ்வளவும் கூறியபின், இக்கட்டுரை எழுதற்குக் காரணமாயிருந்ததனைக் கூறுகின்றோம். எம் சிற்றப்பா மகன், எம்மினும் மூன்றாண்டு இளையவன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலுற்றான். நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது; மூக்கில் குருதி வந்தது. 'காய்ச்சற் சூடு மூக்கு வழியே இறங்குகின்றது. இறங்கட்டும்' என்று வீட்டார் மகிழ்ந்தனர். யாமும் அங்கிருந்தோம், யாமும் தலையசைத்தோம். மறுநாள் ஈறிலும் குருதி கண்டது. அதற்கும் சூடே காரணமாயிற்று. அடுத்த நாள் எழுந்து நிற்க முயன்றவன் மயங்கி வீழ்ந்தான். மருத்துவசாலையில் நோய் டெங்கு என்றும், குருதியை உறையச்செய்யும் தட்டணுக்கள் மிகக் குறைந்துவிட்டன என்றும் கூறினர். அவன் பிழைத்தான், ஆனால் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தான். அவ்வொன்பது நாளும் சிற்றன்னையார் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். கடிந்திருப்பின் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

'சூடு' என்னும் சொல்லின்மேல் எமக்கு வழக்குண்டு. அது பொய்ச்சொல்லன்று, வேனிலிலும் வறட்சியிலும் மூக்கு உடைவது உண்மையே. ஆனால் அச்சொல் வினாவிற்கு விடையாக வாராது, வினாவையே எழவொட்டாமற் செய்துவிடுகின்றது. திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயை ஆராய்ந்து, பின் அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடச் சொன்னார். நாமோ, முதலாராய்ச்சியும் இரண்டாமாராய்ச்சியும் இன்றி, 'சூடு' என்று கூறி மூன்றாவதற்குத் தாவுகின்றோம். சரகர், உடல்வலியும் உணவு வேட்கையும் குன்றாத நோயாளிக்கு மட்டும் தொடக்கத்தில் குருதியை அடைக்கலாகாது என்று கூறியது, நாளடைவில் 'எவர்க்கும் வடியட்டும்' என்று வீட்டு வழக்காய்த் திரிந்ததுபோலும். மூக்கிற் குருதியை வேண்டுமென்றே வடியவிடுதற்கு இன்றைய மருத்துவத்தில் இடமில்லை.

காரணங்களோ பல. மாரடைப்பைத் தடுக்கக் கொள்ளும் ஆஸ்பிரின், குருதி உறையாமைக்குக் கொள்ளும் வார்ஃபரின் முதலிய மருந்துகளால் வடியலாம். மிகுந்த குருதியழுத்தம் உடையார்க்கு வடிதல் எளிதில் நில்லாது. குருதி உறைதற்கண் பிறவியிலேயே குறையுடையார் சிலர், மூக்கினாலேயே தம் குறையை முதன்முதல் அறிகின்றனர். நம்போன்ற இளைஞர் அறியவேண்டுவது ஒன்றுளது: மூக்கின் ஒருபுறமே எப்பொழுதும் அடைத்திருந்து, அப்புறமே அடிக்கடி குருதி வருமாயின், மூக்கின் பின்புறத்தில் ஒரு கட்டி வளர்ந்திருத்தல் கூடும், புற்றன்றாயினும் பெருங்குருதி வடிப்பதாகிய அவ்வகைக் கட்டி, பெரும்பாலும் வளர்பருவத்து ஆண்களிடத்தே காணப்படுவது. இதற்கு அறுகும் ஆடாதோடையும் என் செய்யும்?

ஆதலின், இரு பதினைந்து நிமிடம் பிடித்தும் நில்லாதது, தொண்டை வழியே இடைவிடாது இறங்குவது, தலையில் அடிபட்டபின் வருவது, காய்ச்சலோடு வருவது, தோலில் நீலத்தழும்போ ஈறிற் குருதியோ உடன் தோன்ற வருவது, குருதி உறையாமைக்கு மருந்து கொள்வார்க்கு வருவது ஆகிய இவற்றில் எதனையும் வீட்டில் வைத்துப் பாராது உடனே மருத்துவரிடம் செல்க. வாரந்தோறும் வருவதனை, அஞ்சாமலும் அசட்டை செய்யாமலும், ஒருமுறையேனும் காட்டுக. எமக்கு அங்ஙனம் காட்டியபோது, நடுச்சுவரில் ஒரு சிறு குழல் புடைத்திருத்தல் கண்டு, வெள்ளி நைத்திரேட்டினால் அதனைச் சுட்டனர். இரண்டு நிமிட வேலை. ஏழாண்டுத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. காய்ச்சலின்போது ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கொள்ளாமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. டெங்குவாயின் அவை குருதிப்போக்கை மிகுவிக்கும்.

'நம் முன்னோர் மருத்துவத்தை இகழ்ந்து மேனாட்டார்க்குக் கொடி பிடிக்கின்றீர்' என்பார் இருப்பர். அவர்க்கு விடை முன்னோர் நூலிலேயே உளது. கீறியவிடத்துக் குருதி நில்லாதபோது, துவர்ப்பால் கூட்டுதல், குளிர்ச்சியால் உறைவித்தல், சாம்பலால் உலர்த்துதல், சுடுதலால் குழலைச் சுருக்குதல் என நால்வகையைச் சுசுருதர் வகுத்து, முன்னையவை பயன்படாதவழியே சுடுதலை விதித்தார். எம் மூக்கைச் சுட்ட மருத்துவர் அந்நான்காம் வழியிலேயே நடந்தார். உயிரைக் காக்கும் வைத்தியரையும் நோயை வளர்க்கும் போலி வைத்தியரையும் வேறு பிரித்து, பின்னவரைப் பாம்புபோல் அஞ்சவேண்டும் என்னும் கருத்துப்படச் சரகர் எழுதினார். ஆராயாது நம்புதல் அவர்தம் நெறியன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகர்க் கடைகளில் விற்ற எழுபது ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்தபோது, பதினான்கில் ஈயமோ இரசமோ பாடாணமோ மிகுதியாயிருந்தமை 2004-ம் ஆண்டில் வெளிவந்தது. ஆயுர்வேதத்தின் பகைவர் இதனை மகிழ்ந்து எடுத்துரைப்பர். நண்பரோ நாணிப் பொருளைத் தூயதாக்க முயல்வர். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை மேற்கொண்டு ஆராய்ந்ததன் பயனாகவே, இன்று உலகெங்கும் சளிக்குத் தரப்படும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து தோன்றிற்று. ஆராய்ச்சிக்கு அஞ்சாத இலை அழியவில்லை, உலகாண்டது.

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவான் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புண்டு என்பதில் சரகரும் வள்ளுவரும் ஒத்த கருத்தினர். நாம் மருந்தைப் பற்றி ஓயாது வாதிடுகின்றோம், மருத்துவனைக் குறைகூறுகின்றோம், நான்காமவனை மறந்தோம். வள்ளுவர் அவனை 'உழைச்செல்வான்' என்றார். அந்நள்ளிரவில் எம்மைச் சுற்றி நின்ற எண்மரும் அன்புடையார், அன்பிற்குக் குறைவில்லை. அறிவொன்றே குறைந்தது. சிற்றப்பா மகனருகே நின்று தலையசைத்த எமக்கும் அதுவே குறைந்தது. வள்ளுவரைத் தேர்விற்கு நெட்டுருப்போட்ட எமக்கு, அச்சொல் எம்மையே சுட்டியதென்று அதன் பின்னரே விளங்கிற்று.

ஆகவே நம் கலாசாலையாரிடத்து யாம் வேண்டுவது சிறிதே. ஒவ்வொரு விடுதிக் கூடத்திலும், மேற்கூறிய ஆறு செயலையும், அஞ்சத்தக்க குறிகளையும் தமிழில் எழுதித் தொங்கவிடுக. புதிய மாணவர் வந்த முதல்வாரத்தில், கால்மணி நேரம் ஒதுக்கி, மூக்கைப் பிடிக்கும் இடத்தை ஒருவர்க்கொருவர் காட்டிப் பயிலுமாறு செய்க. அதற்குப் பொருட்செலவில்லை, கடிகாரம் ஒன்றும் விரல் இரண்டும் போதும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் அதனைத் தம் பாட்டிமார்க்கும் கற்பிப்பாராக; அறுகைப் பழித்தன்று, அவர்தம் கலங்காமையைப் புகழ்ந்து.

சென்ற விடுமுறையில் யாம் அதனைச் செய்தோம். பாட்டியார் பொறுமையாய்க் கேட்டு, தம் மூக்கைத் தாமே பிடித்துப் பார்த்து, 'இதுவும் கைவைத்தியம்தானே' என்றார். ஆம், பாட்டி; இதுவும் கைவைத்தியமே.